கிரைண்டிங் மெஷின் கார்டைக் கழற்றாதீங்க

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையோ, காங்கேயம் ரோட்டில் கேட் அடிக்கிற பட்டறையோ, போய்ப் பார்த்தால் நாலு இஞ்ச் கிரைண்டிங் மெஷின் பல இடங்களில் கார்டு, அதாவது சுற்றுகிற வட்டத் தட்டான வீலை மூடியிருக்கிற தடுப்பு, இல்லாமல்தான் கிடக்கும். கேட்டால் "கார்டு இருந்தா மூலைக்குள்ள போக மாட்டேங்குதுங்க" என்பார்கள். பாதி நேரம் காரணம் அது இல்லை. கார்டைக் கழற்றினால்தான் பெரிய வீல் மாட்ட முடியும், ஆழமாக வெட்டும், வேலை சீக்கிரம் முடியும். கைமெஷினில் நடக்கிற மோசமான தவறுகளில் இது ஒன்று.

வீல் மேல் அச்சடித்திருப்பதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். நாலு இஞ்ச் கட்டிங் வீலில் அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் போட்டிருக்கும், ஏழு இஞ்ச் வீலில் 8,500 சுற்று அளவில்தான் இருக்கும். இரண்டிலும் விளிம்பு தாங்குகிற வேகம் ஒன்றேதான், வினாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். நாலு இஞ்ச் மெஷினோ சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. அதில் ஏழு இஞ்ச் வீலை மாட்டினால், வீலைப் பிய்க்கிற விசை அது தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. பெரிய வீலின் ஓட்டை 22 மில்லி, சின்ன மெஷினுக்கு வேண்டியது 16 மில்லி, அந்த இடைவெளியில் எதையாவது செருகி நட்டை முறுக்கிவிடுகிறார்கள். வீல் மையத்தில் உட்காராது, அதிரும், ஒரு கட்டத்தில் வெடிக்கும். ஐந்து இஞ்ச் வீல் சுற்றுக் கணக்கில் தாங்குமே என்று கேட்கலாம், சரி, தாங்கும். ஆனால் தெறிக்கிற துண்டைத் தடுக்க கார்டு அங்கே இல்லையே.

மரம் அறுக்கிற பல் பிளேடை இதே மெஷினில் மாட்டுவது அதைவிட ஆபத்து. பல் மரத்தில் கவ்விய நொடியில் மெஷின் உங்களை நோக்கித் திரும்பும், கை இழுப்பதற்குள் முடிந்துவிடும். மரத்துக்கு மரம் அறுக்கிற மெஷினையே எடுங்கள், தயவுசெய்து.

ஒரு மில்லி தடிமன் உள்ள கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள், தேய்க்க தனி வீல் இருக்கிறது. வீல் நடுவில் இருக்கிற தகர வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருந்தால் அது காலாவதித் தேதி. தகரக் கொட்டகையில் மழை ஈரம் பட்டுக் கிடந்த வீல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒட்டுகிற பசை போயிருக்கும்.

அப்புறம் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற துணித் துண்டுகள். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் நம் பட்டறைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய் துடைக்க நல்லதுதான், ஆனால் டிரில்லிங் மெஷின் சுற்றும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு பிசிறைத் துடைக்கப் போனால், ஒரு நூல் பிட்டில் மாட்டினால் போதும், துணியோடு விரலையும் சுற்றி இழுத்துவிடும். தொளதொள கையுறையும் தோளில் கிடக்கிற துண்டும் அப்படித்தான். மெஷின் நின்ற பிறகு பிரஷ் வைத்துத் தள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் தவறு பெரும்பாலும் பிளக்கில்தான். பிளக் உடைந்துவிட்டது என்று வயர் நுனியைச் சீவி தீக்குச்சி வைத்துச் செருகுவது இன்றைக்கும் நடக்கிறது. தகர உடம்பு வைத்த பழைய மெஷின்களுக்கு எர்த் கட்டாயம். வெயில் காலத்தில் நம் வறண்ட மண்ணில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டால், வயர் இருந்தும் அது சரியாக வேலை செய்யாது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டைக் காப்பு மெஷின், அதற்கு எர்த் வயர் வேண்டாம், ஆனாலும் ஈரக் கையோடு தொடக் கூடாது. கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்றை லைனில் போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வீல் மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக, தீப்பொறி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஷெட் போடும்போது, மட்டையும் மஞ்சியும் (தேங்காய் நாரும்) குவிந்து கிடக்கிற இடத்திலேயே இரும்பை வெட்டுகிறார்கள். பொறி பல அடி தூரம் பறக்கும், நார்த்தூளுக்குள் விழுந்தால் உடனே எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். வெட்டுகிற இடத்தைச் சுற்றிக் கூட்டிவிட்டு, ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் உடனே கிளம்பாமல் அரைமணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.