தோட்டத்துக் கதைக்கு ஏஐயை எப்போது கூப்பிடலாம்?

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், ஆண்டு 1948. இப்படி ஒரு சிறுகதையை எழுத உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் பேனா. 40 நிமிடம், ஒரே ஒரு காட்சி, ஏறக்குறைய 300 சொல். கைப்பேசி வேறு அறையில் கிடக்கட்டும். வெறும் தாளோடு ஏஐயிடம் போனால், அது தரும் முதல் காட்சி மண்டையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடும். பிறகு அதைக் கிளப்புவது பெரும்பாடு.

2. எழுதியதில் சந்தேகமான இடங்களை அடிக்கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏட்டில் சரிபார்க்க முடிந்தவற்றை ஏஐயிடம் கேட்கலாம். பதிலை நூலகத்திலோ பழைய நாளிதழிலோ பார்த்த பிறகே கதைக்குள் விடுங்கள். சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டது 1948 ஜூன் 16. அதை ஒரு வருடம் தள்ளிச் சொன்னாலும் ஏஐ அதே தெம்போடுதான் சொல்லும்.

பேச்சையும் பழக்கவழக்கத்தையும் கேட்கவே வேண்டாம். இணையத்தில் தமிழ்நாட்டு எழுத்து மலையாகக் கிடக்கிறது. தோட்டத்துத் தமிழ் ஒரு கைப்பிடி. அதிகம் பார்த்த சொல் பக்கமே ஏஐ சாயும். நீங்கள் எழுதியது:

“பசியாறிட்டியாடா? பெரட்டுக்கு நேரமாச்சு.”

‘மெருகேற்று’ என்றால் பெரும்பாலும் இப்படித் திரும்பி வரும்:

“காலை உணவு உண்டாயா? பணிக்குச் செல்ல நேரமாகிவிட்டது.”

பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுப்பது, போயிற்று. விடியுமுன் வரிசையில் நின்று பேர் கொடுத்த ஆட்களும் கூடவே போய்விட்டார்கள். இதற்கெல்லாம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வாழ்ந்த பாட்டி யாராவது அகப்பட்டால், ஒரு தேநீர் நேரம் போதும்.

3. திருத்தும்போது ‘மெருகேற்று’ என்ற சொல்லையே தொடாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: “எதையும் மாற்றாதே. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் இடங்களையும், நேரக்கணக்கு உதைக்கும் இடங்களையும் மட்டும் சொல்.” இருட்டோடு மரம் வெட்டி (பால் வடியப் பட்டையைச் சீவி), வெயிலேறிப் பால் எடுப்பார்கள், நடுவில் அடைமழை கொட்டினால் மங்கில் (மரத்தில் கட்டிய பால் கிண்ணத்தில்) இருக்கும் பால் வீண். உங்கள் கதையில் மழைக்குப் பிறகும் ஒருவர் வாளி நிறையப் பாலோடு வந்தால் ஏஐ கண்டுபிடிக்கலாம், விட்டும்விடலாம். ஒற்றுப்பிழையில் அதை நம்பவே வேண்டாம். சரியாக இருக்கும் ‘க்’கையும் பிடுங்கிப் போட்டுவிடும்.

4. போட்டிக்கு அனுப்புவதானால் விதிமுறையை முதலிலேயே படியுங்கள். ஏஐ கூடாது என்றிருந்தால் மூன்றாம் படியும் கிடையாது. கதையை நண்பரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் தடுமாறும் வரிகளில் பென்சிலால் கோடு போடுங்கள்.