நாயகன் பக்கமே நின்று பார்க்கிறோமா? இருண்ட தொடர்களில் நாம் செய்யும் தவறுகள்

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரை முதல் முறை பார்த்தபோது நாயகனின் மனைவி ஸ்கைலரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று கணவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாளே, அந்த மனுஷனை நிம்மதியாக விடக் கூடாதா என்று எரிச்சல் வந்தது. சில வருடங்கள் கழித்து மறுபடி பார்த்தேன். அவள் கர்ப்பிணி. கணவன் வால்டருக்கு நுரையீரல் புற்றுநோய். அவன் வீட்டுக்குத் தெரியாமல் போதைப்பொருள் தயாரிக்கிறான், பொய் மேல் பொய் சொல்கிறான். அவள் கேட்டதெல்லாம் உண்மையைத்தான். முதல் முறை இது என் கண்ணில் படவே இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

(இந்தத் தொடரையும் 'தி சோப்ரானோஸ்' தொடரையும் பார்க்காதவர்கள் கவனிக்கவும். கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லப்போகிறேன்.)

இந்த வகைத் தொடர்களில் நாம் செய்யும் முதல் தவறு இதுதான். கேமரா யார் பின்னால் போகிறதோ அவரையே நல்லவர் என்று எடுத்துக்கொள்கிறோம். வால்டரின் பயம், அவமானம், இருமல் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அவன் மாட்டிக்கொள்வானோ என்று நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்போது அவனைத் தடுக்கிற யாராக இருந்தாலும் நமக்கு எதிரியாகிவிடுகிறார்கள். ஸ்கைலராக நடித்த அன்னா கன்னுக்கு வந்த வெறுப்பு திரைக்கு வெளியேயும் நீண்டது. 2013 ஆகஸ்டில் அவர் நியூயார்க் டைம்ஸில் இது பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். தன்னைக் கொல்ல வேண்டும், எங்கே இருப்பார் என்று கேட்ட இணையப் பதிவையும் அதில் குறிப்பிட்டிருந்தார். ஒரு பாத்திரத்தின் மேல் வந்த கோபத்தை நடித்தவர் மேல் காட்டுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

அடுத்தது, பாத்திரம் சொல்கிற காரணத்தை அப்படியே நம்பிவிடுவது. 'குடும்பத்துக்காகத்தான் செய்தான்' என்று வால்டருக்காக வாதாடுபவர்கள் முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடைத் திரும்பப் பார்க்க வேண்டும். பழைய தொழில் கூட்டாளி எலியட் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ள முன்வருகிறார். வால்டர் வேண்டாம் என்கிறான். பணப் பிரச்சினை தீர வழி கிடைத்த பிறகும் அவன் போதைப்பொருள் பக்கமே திரும்புகிறான். அவனுக்கு அதில் வேறு ஏதோ கிடைக்கிறது. 62 எபிசோடுகள் கொண்ட தொடரின் கடைசி எபிசோடில், எனக்காகத்தான் செய்தேன் என்று ஸ்கைலரிடம் அவனே ஒப்புக்கொள்கிறான். கவனமாகப் பார்த்தவருக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. ஒருவர் ஏன் இப்படி ஆனார் என்று புரிந்துகொள்வது ஒன்று, அவர் செய்தது சரி என்பது வேறொன்று. நல்ல தொடர் நம்மை முதலாவதற்குக் கூப்பிடுகிறது. நாம் தெரியாமல் இரண்டாவதில் போய் நின்றுவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 'ஒருத்தன்கூட நல்லவன் இல்லை, இதை எதுக்குப் பார்க்கணும்' என்று பாதியில் மூடிவிடுவது. இந்தப் பயம் தயாரிப்பாளர்களுக்கும் இருந்தது. 1999இல் வந்த 'தி சோப்ரானோஸ்' முதல் சீசனில், அதுவும் ஐந்தாவது எபிசோட்தான், மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன இடத்தில் தொடரின் நாயகனான மாஃபியா தலைவன் டோனி ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர்கள் டோனியைக் கைவிட்டுவிடுவார்கள் என்று தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலின் நிர்வாகத் தரப்பு தயங்கியது. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. மக்கள் கைவிடவும் இல்லை. பாசமான அப்பாவும் அவனே, கொலைகாரனும் அவனே என்று இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பது சங்கடம்தான். ஆனால் அந்தச் சங்கடத்துக்காகத்தானே இந்தத் தொடரைப் பார்க்கிறோம்!

பார்க்கும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த இரண்டு தொடர்களும் முதலில் வாரம் ஒரு எபிசோடாக வந்தவை. ஒரே ராத்திரியில் ஆறு எபிசோட் பார்த்தால் மூன்றாவது சாவிலேயே மனம் மரத்துப்போகிறது. ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். மனம் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நாளில் தள்ளிவைத்துவிடலாம், தொடர் எங்கேயும் ஓடிப்போகாது.

அப்புறம், 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று மெதுவான எபிசோடை ஓட்டிவிடாதீர்கள். 'பிரேக்கிங் பேட்' மூன்றாவது சீசனில் ஒரு ஈயை விரட்டுவதிலேயே முழு எபிசோடும் போகும். செலவைக் குறைக்க ஏறக்குறைய ஒரே இடத்தில் எடுத்தார்கள். அதில்தான், போதைப்பொருள் தொழிலில் தன் கூட்டாளியான ஜெஸ்ஸியின் காதலி சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற வால்டர், அதை அவனிடம் சொல்லிவிடும் விளிம்பு வரை வந்து திரும்புகிறான். துப்பாக்கிச் சண்டை எதுவும் அந்த அளவுக்கு என்னைக் கலங்கவைத்ததில்லை.

முடிவை ஒரு புதிர் போலப் பார்ப்பதும் இதே மாதிரிதான். 2007 ஜூன் 10 அன்று 'தி சோப்ரானோஸ்' கடைசி எபிசோட் பாதி நொடியில் அறுந்ததுபோல் கருந்திரையோடு முடிந்தது. கேபிள் இணைப்பு போய்விட்டது என்று நினைத்தவர்கள் பலர். டோனி செத்தானா இல்லையா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் எனக்கு மனதில் நிற்பது அதற்கு முந்தைய எபிசோட். முதல் சீசனிலிருந்து அவன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த மனநல மருத்துவர் மெல்ஃபி, தன் சிகிச்சை அவனைத் திருத்தவில்லை, இன்னும் திறமையான ஏமாற்றுக்காரனாக்கியிருக்கிறது என்ற முடிவுக்கு வருகிறார். நம்மைப் போலவே அவன் சொன்னதையெல்லாம் கேட்டவர், நம்மைப் போலவே அவன்மேல் ஈர்ப்பும் கொண்டவர். அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்.