கிரவுண்டில் பெண்களுக்கு ஒரு மணி நேரம்: கேட்டு வாங்குவது எப்படி?

சாயங்காலம் ஐந்தரைக்கு வடசென்னையில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு மாநகராட்சி கிரவுண்டுக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். பையன்கள் எத்தனை பேர், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி, தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் விடாமல் எழுத வேண்டும். "பொண்ணுங்க வர்றதே இல்லையே, நாங்க என்ன பண்றது?" என்றுதான் அதிகாரிகள் முதலில் சொல்வார்கள், அப்போது அந்த நோட்டை அவர்கள் முன்னால் எடுத்து வைக்கலாம்.

ஏன் வரவில்லை என்பதை அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள். கூட்டம் போட்டுக் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து, அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது பேசினால், கழிவறைக்குப் பூட்டு போட்டிருப்பது, ஆறு மணிக்கு மேல் லைட் எரியாதது, டிராக் பேன்ட் போட்டால் தெருவில் பேசுவது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சரி, மனு. "விளையாட்டில் சமத்துவம் வேண்டும்" என்று எழுதினால் ஃபைலுக்குள் போய்விடும். திங்கள், புதன், வெள்ளி ஐந்திலிருந்து ஆறு வரை பெண்களுக்கு, கழிவறை திறந்திருக்க வேண்டும், இரண்டு லைட் வேண்டும் என்று எழுதுங்கள். கவுன்சிலருக்கு ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. உங்கள் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையா, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று, அதனால் உங்கள் கவுன்சிலர் பெண்ணாகவே இருக்கலாம். அவரையே முதல் நாள் பந்தை உதைக்கக் கூப்பிடுங்கள்.

அப்பாக்களிடம் உரிமை என்று ஆரம்பிப்பதைவிட நம் ஏரியாப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். வியாசர்பாடி இளவழகி 2008-இல் கேரம் உலக சாம்பியன். வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அவர்கள் வீட்டிலும் விளையாட விட்டதால்தானே இது நடந்தது என்று கேளுங்கள்.

நேரம் கிடைத்துவிட்டால் ஒரு நாளும் காலியாக விடாதீர்கள், ஒரு வாரம் ஆளில்லை என்றாலே பையன்கள் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். பெரிய பெண்கள் இரண்டு பேராவது தினமும் கூட இருக்கட்டும். கோச் யாராக இருந்தாலும் தனியாகப் பிள்ளைகளை எங்கும் கூட்டிப் போகக் கூடாது. தப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணுங்கள். வீட்டில் கேட்காமல் போட்டோ போடாதீர்கள், ஒரே ஒரு போட்டோவால் ஒரு பிள்ளையின் ஆட்டமே நின்றுபோகலாம். மழை நாளுக்குக் கேரம் போர்டு ஒன்று வாங்கி வையுங்கள்.