ஃபேன்டசியில் சறுக்குகிற பாத்திரத்தை எழுதுவது எப்படி

ஃபேன்டசி எழுத உட்காருகிறவர்கள் வரைபடம் வரைவார்கள், மந்திரத்துக்கு விதி எழுதுவார்கள். பாத்திரத்தின் பலவீனத்தை மட்டும் கடைசியில் உப்பு மாதிரித் தூவுவார்கள்: "மாவீரன், ஆனால் முன்கோபி." தூவியது ஒட்டாது. பலவீனம் அவனுடைய பலத்திலிருந்தே முளைக்க வேண்டும்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் வருகிற வீரன் போரோமிர் பேராசைக்காரன் இல்லை. எதிரியின் வாசலில் நின்று அடி வாங்குகிற நகரம் அவனுடையது. அதைக் காப்பாற்றத்தான், எதிரியின் சக்தி அடங்கிய, அழித்தே ஆகவேண்டிய மோதிரத்தின் மேல் கை வைக்கிறான். ஊர்ப்பற்றை எடுத்துவிட்டால் சறுக்கலும் போய்விடும். ஆகவே கதைக்கு முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இவன் எதை இழக்கவே மாட்டான்? அதற்காக எந்தக் கோட்டைத் தாண்டுவான்? இரண்டாவது பதில் முதலாவதிலிருந்து வரவில்லையென்றால் வேறு பலவீனம் தேடுங்கள்.

சறுக்கலுக்கு முன்பு குறைந்தது மூன்று விரிசல் தெரிய வேண்டும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக. போரோமிர் முதலில், மோதிரத்தை என்ன செய்வது என்று ரிவெண்டெல் என்ற இடத்தில் கூடிய சபையில், மோதிரத்தை நாமே பயன்படுத்தினால் என்ன என்று எல்லார் முன்னும் கேட்கிறான். அது நேர்மையான கேள்விதான். வழியில் லோத்லோரியன் காட்டில், தூக்கியெறிவது மடத்தனம் என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தி, உயிர்களைச் சொன்னேன் என்று மாற்றுகிறான். பிறகு ஆற்றில், படகில் முணுமுணுத்தபடி நகத்தைக் கடிக்கிறான். மோதிரத்தைச் சுமக்கிற ஃப்ரோடோவை அவன் பார்க்கிற பார்வையை, கூட வருகிற பிப்பின் கவனித்துவிடுகிறான். கேள்வி, வாய்தவறல், உடம்பு என்ற இந்த வரிசையைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

சறுக்குகிற காட்சியில்தான் பெரும்பாலான கைப்பிரதிகள் படுத்துவிடுகின்றன. ஓர் உதாரணம். ஊர் எல்லையில் மிருகங்களை அண்டவிடாத காவல் விளக்கு. அதற்கு எண்ணெய் ஊற்றுகிற பெண். அந்த எண்ணெய் ஒரு கரண்டி கிடைத்தால் தம்பியின் காய்ச்சல் இறங்கும்.

"அவள் மனம் போராடியது. குற்ற உணர்வு அவளை வாட்டியது" என்று எழுதினால் ஒன்றுமே நடக்கவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு கரண்டி எடுத்தாள். குடத்தின் உட்புறம் எண்ணெய் நின்றிருந்த கோட்டைப் பார்த்தாள். அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள்."

குற்றம் கரண்டியில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. எடுத்தது பாசம், மறைத்தது பயம். எண்ணெய் மிதக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. சில இரவுகள் கழித்து, எண்ணெய் தீர்ந்து திரி தண்ணீரைத் தொட்டுச் சடசடக்கும்போதுதான் தெரியும். விளைவு செயலுக்குள்ளேயே இருக்க வேண்டும், வானத்திலிருந்து விழக் கூடாது.

மந்திரத்தின் மேல் பழி போடுவது இந்த வகையின் தனி நோய். "சாபம் அவனை அப்படிச் செய்யவைத்தது" என்றதும் குற்றமும் போயிற்று, கதையும் போயிற்று. சி. எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வந்த முதல் நார்னியா நாவலில் எட்மண்ட் என்ற சிறுவனுக்குச் சூனியக்காரி கொடுக்கிற இனிப்பில் மந்திரம் உண்டு. ஆனால் நார்னியா என்ற அந்த மந்திர நாடெல்லாம் வெறும் விளையாட்டு என்று சொல்லித் தங்கை லூசியைப் பொய்க்காரியாக்கியது இனிப்பு அல்ல, அவனுடைய அற்பத்தனம். மந்திரம் தூண்டலாம். கோட்டைத் தாண்டும் கடைசி அடி பாத்திரத்தின் சொந்தக் காலாக இருக்கட்டும்.

இனி நியாயம். உங்கள் உலகத்தில் துரோகத்துக்கு என்ன சட்டம் என்பதைச் சறுக்கலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள், பிறகு செய்தால் சலுகைபோலத் தெரியும். நார்னியாவில் துரோகியின் உயிர் சூனியக்காரிக்குச் சொந்தம். அந்தச் சட்டத்தை, நார்னியாவைக் காக்கிற சிங்கம் அஸ்லான் ரத்து செய்வதில்லை, தன் உயிரைக் கொடுத்துத் தீர்க்கிறான். எட்மண்ட் பின்னால் "நீதிமான்" என்று பெயர் எடுக்கிறான். 1954இல் வந்த இன்னொரு நார்னியா கதையில், தண்டனைக்கு நிற்கிற எதிரி இளவரசன் ரபதாஷுக்காக, துரோகிகூடத் திருந்தலாம் என்று பேசுவதும் அவன்தான். லூயிஸின் நீதிபோதனை சில இடங்களில் கனமாகத்தான் விழும். ஆனாலும் இந்த இழை நுட்பமானது.

போரோமிரின் மரணத்தைப் பார்த்துப் பலர் தவறாகக் கற்றுக்கொள்கிறார்கள்: துரோகியைக் கொன்றுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று. அவன் சாவதற்கு முன் பயணத் தோழன் ஆரகோர்னிடம், மோதிரத்தைப் பறிக்கப் பார்த்ததைச் சொல்லிவிடுகிறான். அந்த ஒப்புதல் இல்லாமல் மரணம் மட்டும் இருந்தால், எழுதுகிறவர் தப்பித்துக்கொண்டார் என்றுதான் அர்த்தம்.

உயிரோடு விடுவது கடினம். ஃப்ரோடோ கடைசியில் மோதிரத்தை எறியவில்லை, தனதென்கிறான். மோதிரத்துக்கு அடிமையான கோல்லமுக்கு முன்பு காட்டிய இரக்கம்தான் காரியத்தை முடிக்கிறது: உயிரோடு விடப்பட்ட அவன் மோதிரத்தைப் பறித்து, அதோடு நெருப்பில் விழுகிறான். அதற்குப் பிறகும் ஆறுதல் இல்லை. வெதர்டாப் குன்றில் ஃப்ரோடோவின் உடம்பில் எதிரியின் கத்தி இறங்கிய அக்டோபர் 6 திரும்பி வரும்போது நோயும் திரும்புகிறது. பாத்திரம் நொறுங்கக்கூடியது என்று காட்ட அழவைக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு தேதி போதும், அல்லது இனி மூடாத ஒரு கை.

முன்கதையை எங்கே வைப்பது? சறுக்கலுக்குப் பின் வருகிற சிறுவயதுத் துயரம் வக்கீல் வாதமாக ஒலிக்கும். முன்னாலேயே, வேறு காரியத்தின் நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

திருத்தும்போது, காயம்பட்டவர் வருகிற பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து வாசியுங்கள். விளக்கு அணைந்த இரவில் ஆடுகளை இழந்த கிழவர் எத்தனை பக்கம் பேசுகிறார்? அந்தப் பெண் அழும் பக்கங்களைவிடக் குறைவென்றால் அவருக்கு இன்னொரு காட்சி எழுதுங்கள். அதில் அவர் மன்னிக்காமலும் போகலாம்.