கறிக்கடை இதயமும் கிணற்று வால்வும்: முதலாண்டு உடற்கூறியலை எங்கிருந்து தொடங்குவது?

அந்தியூர், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டு, நர்சிங், பிசியோதெரபி, பார்மசி படிக்க ஈரோட்டுக்கும் கோவைக்கும் வரும் பிள்ளைகளை முதல் பருவத்திலேயே எதிர்கொள்ளும் பாடம் உடற்கூறியலும் உடலியங்கியலும்தான். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட முதல் மாதத்தில் கலங்கிப்போகிறார்கள். எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு லத்தீன் பெயர் இருக்கிறது. அதை விடுதி அறையில் உட்கார்ந்து இரவெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறார்கள். காலையில் பாதிதான் மிச்சம் இருக்கிறது.

கோபி பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து இதே பாடத்தைப் படித்தவள் நான். இப்போது முதலாண்டு மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாளே அவர்களிடம் ஒரு விதியைச் சொல்லிவிடுவேன்: முதலில் கை தொட வேண்டும், பெயர் பிறகுதான். தொட்டுப் பார்க்காத, வரைந்து பார்க்காத உறுப்பின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் எழுந்து நில்லுங்கள்

கால்களைச் சேர்த்து நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கம் திருப்புங்கள். கட்டைவிரல்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். இதுதான் உடற்கூறியல் நிலை. புத்தகத்தில் எந்த உறுப்பைப் பற்றிப் படித்தாலும், மனிதர் இப்படி நிற்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள். நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும் கணக்கு இதுதான்.

அப்படியே நின்றபடி நான்கு சொற்களை மட்டும் பழகுங்கள். உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். கை கால்கள் உடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது பிராக்ஸிமல், தள்ளி இருப்பது டிஸ்டல். சுண்டுவிரல் மீடியல், கட்டைவிரல் லேட்டரல். முழங்கை மணிக்கட்டுக்கு பிராக்ஸிமல். பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில் இதைக் கையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வலது இடது என்று வந்தால் அது நோயாளியின் வலது இடது. படத்தில் இதயத்தின் இடது பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். நான் எழுதிய முதல் தேர்வில் இதயத்தை அழகாக வரைந்து, அறைகளின் பெயர்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். அந்தப் படத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் இதே தவறு நடந்தால் மதிப்பெண்ணோடு போகாது. அதனால் எந்தப் படம் வரைந்தாலும் முதல் வேலையாகத் தாளின் இரு ஓரங்களிலும் ‘வலது’, ‘இடது’ என்று எழுதிவிடுங்கள்.

2. சொல்லை உடைத்துப் பாருங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் வேர்ச்சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். கார்டி என்றால் இதயம், மயோ என்றால் தசை, பெரி என்றால் சுற்றி, எண்டோ என்றால் உள்ளே. இந்த நான்கைக் கற்றால் மயோகார்டியம், பெரிகார்டியம், எண்டோகார்டியம் மூன்றும் புரிந்துவிடும். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு. நெஃப்ரோ சிறுநீரகம், ஹெப்பாட்டோ கல்லீரல், ஆஸ்டியோ எலும்பு. நாளுக்கு மூன்று எழுதினால் போதும்.

தமிழில் யோசித்தால் பின்தங்கிவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கிறார். அதற்கான பாடநூல்களையும் தமிழாக்கியிருக்கிறார். தேர்வில் பெயர்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், எழுத்துப் பிழையும் இருக்கக் கூடாது. ஆனால் ஒரு உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை எந்த மொழியில் கனவு காண்கிறீர்களோ அந்த மொழியில்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

3. எலும்புகள்: உங்கள் கையிலிருந்து தொடங்குங்கள்

பெரியவர்களுக்கு 206 எலும்புகள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு கையில், மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 27. ஒரு பாதத்தில் 26. இரண்டு கை, இரண்டு பாதம் சேர்த்தால் 106. பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளையும் பாதத்தின் பின்பகுதியிலுள்ள ஏழு எலும்புகளையும் தவிர மற்றவை வரிசையாக ஒரே மாதிரி அமைந்தவை.

இப்போது இடது முழங்கையை மேசைமேல் ஊன்றி, உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். முழங்கையின் கூர்முனையிலிருந்து சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வரை வலது கை விரலால் தடவிக்கொண்டே போங்கள். தோலுக்கு அடியில் நெடுக ஒரு எலும்பின் விளிம்பு தட்டுப்படும். அது அல்னா. அதைப் பிடித்தபடியே உள்ளங்கையை மறுபக்கம் திருப்புங்கள். அல்னா ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு மட்டும் அதன்மேல் குறுக்காகச் சாய்கிறது. அது ரேடியஸ். சாவியைத் திருப்புவதும் தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போடுவதும் இந்தச் சுழற்சியால்தான். இதை ஒருமுறை கையால் உணர்ந்தவர் எந்த எலும்பு எந்தப் பக்கம் என்று தேர்வில் குழம்ப மாட்டார்.

முழங்கையின் உள்பக்க மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே மெதுவாக அழுத்துங்கள். சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் பாதியிலும் சுருக்கென்று ஓடும். கதவு நிலையில் முழங்கை இடித்தால் ஷாக் அடித்ததுபோல் இருக்குமே, அதே நரம்புதான். அல்னார் நரம்பு அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகிறது. எந்த விரல்களில் கூச்சம் ஓடியதோ அவைதான் அந்த நரம்பு உணர்வு தரும் விரல்கள். உங்கள் கையே பதிலை எழுதிக் காட்டிவிட்டது.

4. ஒரு ஆட்டு இதயம் வாங்குங்கள்

இந்தப் படிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை முழுதாக ஒதுக்குங்கள். சனிக்கிழமை மாலையே கறிக்கடைக்காரரிடம் இதயத்தை நறுக்காமல், மேலே இருக்கும் குழாய்களை ஒட்ட வெட்டாமல் தரும்படி சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் ஈரலோடு சேர்த்துத் துண்டு போட்டுவிடுவார். கறிக்கடைக்காரருக்கு உறுப்புகள் நன்றாகவே தெரியும் என்பதையும் கவனியுங்கள். அவர் சுவரொட்டி என்று எடுத்துத் தருவதுதான் நாம் புத்தகத்தில் படிக்கும் மண்ணீரல். அசைவத்தைத் தொடாத வீடு என்றால் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுச் செய்யலாம்.

கையுறை, கூரான கத்தி, பழைய செய்தித்தாள், ஒரு சொம்புத் தண்ணீர், அளவுகோல். இவ்வளவுதான் தேவை. இதயத்தைக் கழுவி, கூர்நுனி கீழே இருக்கும்படி பிடியுங்கள். இருபுறமும் விரலால் அழுத்துங்கள். ஒரு பக்கம் கெட்டியாக எதிர்த்து நிற்கும், மறுபக்கம் அமுங்கும். கெட்டியானது இடது. அது உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் இதயத்தின் முன்பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்று பொருள். முதல் படியில் சொன்ன வலது இடது இங்கே கைக்கு வந்துவிட்டது.

மேலே காதுமடல்போல் தொங்கும் மெல்லிய பகுதிகள் ஏட்ரியம் என்ற மேலறையைச் சேர்ந்தவை. அவற்றை ஆரிக்கிள் என்பார்கள். அந்தப் பெயரே லத்தீனில் சிறு காது என்ற பொருளில் வந்ததுதான். இரண்டு ஏட்ரியங்களையும் கத்தியால் வெட்டி எடுங்கள். கீழே வென்ட்ரிக்கிள் என்ற கீழறையின் வாசல் தெரியும். இடது வாசலில் தண்ணீர் ஊற்றி, மேலே தடித்து நிற்கும் அயோர்ட்டா என்ற பெரிய ரத்தக்குழாயை விரலால் இறுக்கிக்கொண்டு, இதயத்தை வெளியிலிருந்து மெல்ல அமுக்குங்கள். வெள்ளை இதழ்கள் இரண்டும் மிதந்து எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து வாசலை மூடும். ஈரிதழ் வால்வு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

என் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் போகாது. குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருந்தது. மேலே போகும் தண்ணீருக்குத் திறக்கும், கீழே திரும்பும் தண்ணீருக்கு மூடிக்கொள்ளும். அதைத் திறந்து மூட ஆள் வேண்டாம், தண்ணீரின் அழுத்தமே போதும். இதயத்தின் நான்கு வால்வுகளும் அப்படித்தான். அவற்றைத் திறந்து மூடும் தசை என்று தனியாக எதுவும் கிடையாது. வால்வு திறப்பதற்கும் மூடுவதற்கும் காரணம் கேட்டால் ‘இரு பக்கத்து அழுத்த வேறுபாடு’ என்று தயங்காமல் எழுதுங்கள்.

இப்போது இடது வென்ட்ரிக்கிளை வாசலிலிருந்து நுனி வரை நீளவாக்கில் பிளந்து விரியுங்கள். இதழ்களின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, சுவரிலிருந்து எழும் சிறு தசைத் தூண்களில் போய் முடிகின்றன. ஒரு நூலை விரல்நுனியால் இழுத்துப் பாருங்கள். திருப்பூர் பனியன் நூலைவிட உறுதியாக இருக்கும். உடுமலைப் பக்கத்து ஆடிக் காற்றில் குடை மறுபக்கம் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது இதழ்கள் அப்படி ஏட்ரியத்துக்குள் திருப்பிக்கொள்ளாமல் இழுத்துப் பிடிப்பவை இந்த நூல்கள். கார்டே டெண்டினே என்ற பெயரை இந்த நேரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மறக்காது.

வலது பக்கத்தையும் பிளந்து, இரு சுவர்களின் தடிமனையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இடது மூன்று மடங்கு அளவுக்குத் தடித்திருக்கும். இடது பக்கம் அதிக ரத்தத்தை அனுப்புவதால் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. இரண்டு பக்கமும் அனுப்புவது ஒரே அளவுதான். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். பம்புசெட் ஊரான கோவைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிணற்றடிப் பாத்திக்கும் உயரத்தில் இருக்கும் மேட்டுக்காட்டுக்கும் நிமிடத்துக்கு அதே தண்ணீர் போக வேண்டுமானால், மேட்டுக்காட்டுக்குக் கூடுதல் குதிரைத்திறன் உள்ள மோட்டார் வேண்டும். வலது பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தள்ளுகிறது. இடது பக்கம் உடல் முழுவதற்கும் 120-ல் தள்ளுகிறது.

முடிந்ததும் கைகளையும் கத்தியையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

5. உடலியங்கியலுக்கு மாடிப்படி போதும்

உட்கார்ந்து, கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பிவிடும். பிறகு விடுதியின் மூன்று மாடி ஏறி இறங்கி, உடனே எண்ணுங்கள். அதன்பின் நாடி பழைய அளவுக்கு வரும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி வரைபடத்தாளில் குறியுங்கள். சென்னிமலையின் 1320 படிகளை ஏறிய அன்று குறித்தால் கோடு இன்னும் நன்றாக வரும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

கோடு ஏறி, இறங்கி, பழைய இடத்தில் நிற்கிறதல்லவா? இப்படி உடல் தன் உள்நிலையைச் சீராக வைத்துக்கொள்வதற்குத்தான் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர். உடலியங்கியல் முழுவதும் இந்த ஒரே கதைதான் வேறுவேறு உறுப்புகளில் நடக்கிறது. எதைப் படித்தாலும் நான்கு கேள்விகளை ஓரத்தில் எழுதுங்கள்: எது மாறியது, அதை உணர்ந்தது எது, முடிவெடுத்தது எது, வேலை செய்தது எது. சித்திரை வெயிலில் ஈரோட்டில் வியர்ப்பதற்கும் மார்கழியில் ஊட்டியில் நடுங்குவதற்கும் இந்த நான்கையும் நிரப்பிப் பாருங்கள். இரண்டிலும் முடிவெடுப்பது மூளையின் ஹைப்போதலாமஸ்தான்.

6. அம்மாவுக்குச் சொல்லுங்கள்

புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து படம் வரையுங்கள். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். அன்றிரவு ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. சிவப்பு மை குறைந்துகொண்டே வரும்.

வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது, படித்ததை அம்மாவிடம் ஒரு லத்தீன் சொல்கூட இல்லாமல் சொல்லுங்கள். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 12 குடம். வெளியே போவது ஒன்றரை லிட்டர். மீதி எங்கே என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் மறு உறிஞ்சல் பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

7. உடல் அறைக்குள் போகும் நாள்

இறந்தவரின் உடலை வைத்துப் படிக்கும் அறை இது. பெரும்பாலான முதலாண்டு மாணவர்களுக்குப் பயம் இந்த நாளில்தான். உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், தொண்டையைக் கரிக்கும். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மயக்கம் வந்தால் வெளியே வந்து உட்காருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைபேசியை வெளியே வைத்துவிடுங்கள். மேசையில் இருப்பவரும் ஒரு வீட்டின் அப்பாவாகவோ ஆத்தாவாகவோ இருந்தவர். அவரைப் படம் எடுக்க நமக்கு உரிமை இல்லை. என் மாணவர்களிடம் அந்த அறையில் ‘பாடி’ என்று சொல்ல வேண்டாம், ‘அவர்’ என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சிறுநீரகம் ஒன்று கேளுங்கள். அவரைக் கொட்டையைப் பிளப்பதுபோல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெளி ஓரத்தில் கார்ட்டெக்ஸும் உள்ளே மெடுல்லாவும் வேறுவேறு நிறத்தில் தெரியும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: மனிதச் சிறுநீரகத்தில் பிரமிடுகள் என்ற மெடுல்லாவின் கூம்புப் பகுதிகள் தனித்தனியாக இருக்கும், ஆட்டுக்கு அவை ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதனால் கண்ணால் பார்த்ததை அப்படியே வரையாமல், பக்கத்தில் புத்தகப் படத்தையும் வைத்துக்கொண்டு வரையுங்கள்.