முதல் சந்திப்பில் என்ன பேசுவது? ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் மரியாதையான தொடக்கம்

புதிய மொழியில் முதல் ஐந்து நிமிடங்கள்தான் கஷ்டம். வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, சந்தித்ததில் மகிழ்ச்சி என்று முடிப்பதற்குள் வியர்த்துவிடும். அதற்கு இருபது வாக்கியங்கள் போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் மரியாதை ‘நீங்கள்’ என்ற சொல்லிலும் ‘வந்தீர்கள்’ என்ற விகுதியிலும் இருக்கிறது. ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. அங்கே மரியாதையை வாக்கியத்தின் அமைப்பில்தான் காட்ட முடியும். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: உச்சரிப்பு

ஸ்பானிஷ் உச்சரிப்பு நமக்கு எளிது. அதன் ‘த’ நம் ‘த’வைப் போல நாக்கு பல்லைத் தொட்டு வருவது. ‘நாளை’ என்பதற்கான ‘மஞானா’வில் நம் ஞகரமே இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதற்குத் திணறுவார்கள்.

இரண்டே எச்சரிக்கைகள். ஸ்பானிஷில் எழுத்தில் வரும் ‘ஹெச்’ ஒலிக்காது. அதனால் ‘ஹோலா’ இல்லை, ‘ஓலா’. அப்புறம், தமிழில் ‘ப’, ‘க’ போன்ற ஒரே எழுத்து வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும் என்பதால் கீழே வரும் ‘புவெனோஸ்’ என்பதன் ‘பு’வை ‘அம்பு’வில் வருவது போலவும், ‘குஸ்தோ’வின் ‘கு’வை ‘பங்கு’வில் வருவது போலவும் சொல்லுங்கள்.

படி 2: வணக்கம்

‘ஓலா’ யாரிடமும் சொல்லலாம். முதல் சந்திப்பில் அதோடு நேரத்தையும் சேர்த்தால் கண்ணியமாக இருக்கும். காலையில் ‘புவெனோஸ் தீயாஸ்’, பிற்பகலில் ‘புவெனாஸ் தார்தெஸ்’, இரவில் ‘புவெனாஸ் நோச்செஸ்’. ஸ்பெயினில் மதிய உணவு தாமதம் என்பதால் ஒரு மணிக்குக்கூட ‘புவெனோஸ் தீயாஸ்’ என்பார்கள்.

ஆங்கிலத்தில் ‘குட் மார்னிங்’, ‘குட் ஆஃப்டர்நூன்’, ‘குட் ஈவ்னிங்’. இரவு எட்டு மணிக்கு ஒருவரைப் பார்த்ததும் ‘குட் நைட்’ என்று தொடங்கிவிடாதீர்கள். அது கிளம்பும்போது சொல்வது. ஸ்பானிஷின் ‘புவெனாஸ் நோச்செஸ்’ மட்டும் சந்திக்கும்போதும் பொருந்தும், பிரியும்போதும் பொருந்தும்.

படி 3: நீயா, நீங்களா?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்பானிஷில் ‘நீ’ என்பதற்குத் ‘தூ’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘உஸ்தெத்’. இந்த ‘உஸ்தெத்’ ஒரு சுருங்கிப்போன சொல். ‘தங்கள் பெருந்தகைமை’ என்கிற மாதிரியான ‘புவெஸ்த்ரா மெர்செத்’ என்ற பழைய தொடர், வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. பெருந்தகைமை என்பது படர்க்கை அல்லவா? அதனால் ‘உஸ்தெத்’ எதிரில் இருப்பவரைக் குறித்தாலும் வினைச்சொல் ‘அவர் வருகிறார்’ என்பதுபோல் படர்க்கையில்தான் வரும். நம் ‘தாங்கள்’ என்ற சொல்லும் அடியில் படர்க்கைதான். ஆனால் நாம் ‘தாங்கள் வருகிறீர்கள்’ என்று வினையை முன்னிலைக்கு மாற்றிக்கொண்டோம். ஸ்பானிஷ் மாற்றிக்கொள்ளவில்லை.

யாரிடம் எதைச் சொல்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் சீக்கிரமே ‘தூ’வுக்கு வந்துவிடுவார்கள். கொலம்பியாவின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே ‘உஸ்தெத்’ புழங்கும். அர்ஜென்டினாவில் ‘தூ’ இருக்கும் இடத்தில் ‘வோஸ்’ இருக்கும். என்னைக் கேட்டால், தொடங்குபவர் ‘உஸ்தெத்’தையே பிடித்துக்கொள்வது நல்லது. கூடுதல் மரியாதை கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நெருங்கிய பிறகு அவர்களே ‘த்ராதாமே தே தூ’, அதாவது ‘என்னை நீ என்றே கூப்பிடு’ என்பார்கள்.

படி 4: பெயர்

‘மே யாமோ மீனா’ என்றால் ‘என் பெயர் மீனா’. ‘சோய் மீனா’ என்றாலும் போதும். அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸ் பக்கம் இதே வாக்கியம் ‘மே ஷாமோ’ என்று காதில் விழும், குழம்ப வேண்டாம்.

பெயர் கேட்க:
மரியாதையாக: ‘கோமோ சே யாமா உஸ்தெத்?’
நெருக்கமாக: ‘கோமோ தே யாமாஸ்?’

ஆங்கிலத்தில் ‘வாட்ஸ் யுவர் நேம்?’ என்பது இலக்கணப்படி சரி, ஆனால் பெரியவர்களிடம் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். முதலில் உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்: ‘ஹலோ, ஐ அம் மீனா.’ பெரும்பாலும் எதிரில் இருப்பவர் தானாகவே தன் பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் ‘மே ஐ ஆஸ்க் யுவர் நேம்?’ என்று கேளுங்கள். சொல்லியும் காதில் விழாவிட்டால் ‘சாரி, ஐ டிடின்ட் கேட்ச் யுவர் நேம்’. பழியை நம் காதின் மேல் போட்டுக்கொள்வதுதான் இதிலுள்ள பணிவு. ‘மைசெல்ஃப் மீனா’ என்பதையும், ‘யுவர் குட் நேம்?’ என்பதையும் இந்தியாவுக்கு வெளியே தவிர்த்துவிடுங்கள்.

படி 5: சந்தித்ததில் மகிழ்ச்சி

ஸ்பானிஷில் ‘முச்சோ குஸ்தோ’. யாரும் யாரிடமும் சொல்லலாம். ‘எங்கந்தாதோ’ என்றும் ஒன்று உண்டு. அதை ஆண் சொன்னால் ‘எங்கந்தாதோ’, பெண் சொன்னால் ‘எங்கந்தாதா’. கேட்பவர் யார் என்பது கணக்கில்லை, சொல்பவர் யார் என்பதே கணக்கு. தொடக்கத்தில் பலரும் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். பதிலுக்கு ‘இகுவால்மென்தே’, அதாவது ‘எனக்கும்தான்’.

ஆங்கிலத்தில் ‘நைஸ் டு மீட் யூ’. இது முதல்முறை மட்டும். அடுத்த முறை பார்க்கும்போதும் அதையே சொன்னால், முதல் சந்திப்பை நீங்கள் மறந்துவிட்டதாக ஆகிவிடும். அப்போது ‘நைஸ் டு சீ யூ’. ‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால் ‘ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?’ போதும், முதுகுவலி விவரமெல்லாம் வேண்டாம். பழைய பிரிட்டிஷ் பாணியில் ‘ஹவ் டு யூ டூ?’ என்று யாராவது சொன்னால், அது கேள்வியே இல்லை. அதையே திருப்பிச் சொல்லிவிட்டால் சரி.

படி 6: புரியாதபோது

கட்டாயம் தேவைப்படும் படி. ஸ்பானிஷில் ‘பெர்தோன், நோ என்தியெந்தோ’ என்றால் ‘மன்னிக்கவும், புரியவில்லை’. ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்’ என்றால் ‘கொஞ்சம் மெதுவாக, தயவுசெய்து’. மெக்சிகோவில் உங்களிடம் யாராவது ‘மாந்தே?’ என்றால், நீங்கள் சொன்னது கேட்கவில்லை என்று பணிவாகச் சொல்கிறார்.

ஆங்கிலத்தில் வெறும் ‘வாட்?’ முரட்டுத்தனம். ‘ரிபீட்’ என்பது கட்டளை. ‘ப்ளீஸ்’ சேர்த்தாலும் கட்டளைதான். ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று கேளுங்கள். ‘கேன்’ இருக்க வேண்டிய இடத்தில் அதன் இறந்தகால வடிவமான ‘குட்’ வருகிறது பாருங்கள், நம் ‘-ஈர்கள்’ விகுதி செய்யும் வேலையில் ஒரு பங்கை இந்தச் சின்னச் சொல் செய்துவிடுகிறது.

படி 7: விடைபெறுதல்

நன்றிக்கு ‘கிராசியாஸ்’, யாராவது உங்களுக்கு அதைச் சொன்னால் ‘தே நாதா’. கிளம்பும்போது ‘அதியோஸ்’ என்பதைவிட ‘அஸ்தா லுவேகோ’ இதமானது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று பொருள்; திரும்பப் பார்க்கப்போவதில்லை என்றாலும் சொல்வார்கள். நாம் ‘போகிறேன்’ என்னாமல் ‘வருகிறேன்’ என்பது போலத்தான். ஆங்கிலத்தில் ‘மீட்’ இப்போது ‘மீட்டிங்’ ஆகும்: ‘இட் வாஸ் நைஸ் மீட்டிங் யூ.’

சரி, கண்ணாடி முன் நின்று ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பாருங்கள்:

— புவெனாஸ் தார்தெஸ். மே யாமோ மீனா. கோமோ சே யாமா உஸ்தெத்?
— சோய் கார்லோஸ். முச்சோ குஸ்தோ.
— இகுவால்மென்தே.