வெல்டிங் ஹெல்மெட்: 13-இல் வைத்தால் கண் பிழைக்குமா?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வேலைக்கு வரும் பையன்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், பற்ற வைத்ததும் கண்ணாடி தானாகவே கருக்கும் ஆட்டோ டார்க் ஹெல்மெட் வாங்கிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதையும் திருகுவதையும் பார்த்தால், கையில் பிடிக்கும் ஷீல்டு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்து புதுப் பெட்டியில் வந்திருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் பற்ற வைக்காதே, விரிசல் விட்ட கண்ணாடியைப் போடாதே என்பதெல்லாம் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

எண் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காட்பாடியில் ஒரு வீட்டுக்கு கேட் வேலை. 2.5 எம்.எம். வெல்டிங் ராடு, 80 ஆம்பியர் சுற்றி ஓடுகிறது. பையன் புது ஹெல்மெட்டில் கருமை எண்ணை மாற்றும் திருகை 13-இல் வைத்துக்கொண்டு கீல் வைக்கிறான். மூக்கு கிட்டத்தட்ட புகைக்குள் இருக்கிறது.

“இன்னாடா தெரியுது உள்ள?”

“ஒண்ணும் தெரியலைண்ணா. ஆனா கண்ணு கூசலைண்ணா.”

கண் கூசாததுதான் அவன் வாங்கிய சரக்கு! ராடு நுனியில் எரியும் ஆர்க்கின் புள்ளி மட்டும் தெரியும். உருகும் இரும்பு எது, மேலே மிதக்கும் கசடு எது, ஜாயிண்ட் எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாது. கையை ஒரு குத்துமதிப்பில் ஓட்டுவான். மேலே பார்த்தால் வரிசை அழகாக இருக்கும். அதற்கு முந்தைய வீட்டில் அப்படி வைத்த கீல் ஒரு பக்கத்து இரும்பில் மட்டும் பிடித்திருந்து, மாதம் திரும்புவதற்குள் கேட் சாய்ந்துவிட்டது. யாரும் கீழே நிற்கவில்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம். வண்டி வாடகை, ராடு, மறுபடி பெயிண்ட், ஒரு நாள் கூலி எல்லாம் பட்டறை கணக்கில்தான் போனது.

விஷயம் இதுதான். கண்ணைச் சுடுவது புற ஊதாக் கதிர். தரமான ஃபில்டரில் அதையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் அடுக்கு எப்போதும் இருக்கும். கண்ணாடி கருக்காமல் 3 அல்லது 4-இல் இருக்கும்போதும், பேட்டரி செத்துக் கிடந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். 9, 10, 13 என்ற எண்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை எவ்வளவு குறைப்பது என்பதற்காக.

ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை 10 போதும். 8-க்குக் கீழே இறங்கக் கூடாது. 160-க்கு மேல் 250 வரை 12 வைக்கலாம், அங்கே 10-க்குக் கீழே போகாதீர்கள். 60 முதல் 160 வரை மிக் (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங்) ஓட்டினால் 11. நம் ஊர் கிரில், கேட், ஷெட் வேலையில் பெரும்பாலும் 10-ஐத் தாண்டவே தேவையில்லை. சரியான எண் தெரியாவிட்டால் கருப்பாக ஆரம்பித்து, உருகும் குளம் தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொரு எண்ணாக இறக்குங்கள்.

இதைச் சொன்னால், “கடைக்காரர் 13 தான் சேஃப்டின்னாரே” என்பார்கள். கடைக்காரர் கீல் வைக்கப் போவதில்லை.

லைட்டர் சோதனையை நம்புவது

கடையில் லைட்டரைத் தட்டி, கண்ணாடி கருப்பதைக் காட்டுவார்கள். சென்சார் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. கதிரைத் தடுக்கிறதா என்பது லைட்டருக்குத் தெரியாது. ஃபில்டர் மேலேயே ஈ.என். 379 (ஐரோப்பியத் தரம்) அல்லது ஆன்சி இசட் 87.1 (அமெரிக்கத் தரம்) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால் வேண்டாம். கதிர் பட்ட கண் உடனே வலிக்காது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் கொட்டியது போல உறுத்தும். அப்போது தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று வைத்தியம் பார்க்காமல் கண் டாக்டரிடம் போங்கள். வேலூரில் ஆரணி ரோட்டிலேயே ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது.

இரண்டு சென்சார் போதும் என்பது

மேஜை மேல் வைத்துச் செய்யும் வேலைக்குப் போதும். பைப்புக்கு அடியில், மூலையில் தலையை நுழைத்தால் சென்சாரை இரும்பு மறைக்கும், கண்ணாடி திடீரென்று வெளுக்கும். அந்த மாதிரி வேலை வருமென்றால் நான்கு சென்சார் வாங்குங்கள். எஸ்.எஸ். (எவர்சில்வர்) கைப்பிடிக்கு டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும் வெல்டிங்) ஓட்டுபவர்கள் எத்தனை ஆம்பியரிலிருந்து ஹெல்மெட் ஆர்க்கைப் பிடிக்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். 10 ஆம்பியரில் விழிக்காத ஹெல்மெட் அந்த வேலைக்கு ஆகாது.

வெள்ளெழுத்தை மறைப்பது

நாற்பது தாண்டிய மேஸ்திரிகளே, குறை ஹெல்மெட்டில் இல்லை. உள்ளே பெரிதாக்கும் லென்ஸ் செருக இடமுள்ள மாடலாகப் பாருங்கள்.

வெளிக் கண்ணாடி கிடைக்குமா என்று கேட்காமல் வாங்குவது

தெறிப்பு விழுந்து மங்கும் அந்தக் கண்ணாடி மாற்றுவதற்கென்றே இருக்கிறது. வேலூரில் அந்த அளவு கிடைக்காவிட்டால் ஹெல்மெட்டும் வேண்டாம்.

வெயிலில் போடுவது

சோலார் இருக்கிறது, வெயிலில் சார்ஜ் ஏறட்டும் என்று கத்திரி வெயிலில் தகரக் கூரை மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். பல ஹெல்மெட்டுகளின் கையேட்டில் 55 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று போட்டிருக்கும். நிழலில் மாட்டுங்கள்.